பலகை இல்லாத கூடை

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடங்கள் இருக்கும். லண்டனில், ஹரோவில், எங்கள் பிள்ளைகள் படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் போட்டி நாள். ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் மைதானத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஜூலை மாத வெயில், ரோல்ஸ் பொரிக்கிற மணம், ஒலிபெருக்கியில் ஓயாத அறிவிப்பு. அன்றைக்கு நான் ஒரு கோப்பைக்காகச் சண்டை பிடித்தேன். அதுவும் தோற்றுப்போன பிறகு. என் பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

சண்டை ஏன் வந்தது என்று விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். தொண்ணூறுகளின் கடைசி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்த புதிது. அங்கே படித்த படிப்பு இங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை. கிடைத்த வேலை ஒரு பெரிய உள்ளரங்கில் தேநீரும் உருளைக்கிழங்குப் பொரியலும் விற்பது. அந்த அரங்கைத் தன் சொந்த ஆடுகளமாக வைத்திருந்தது ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணி. நாட்டின் லீக்கில் விளையாடுகிற அணி. இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த வசந்தம் வரை, அவர்கள் அங்கே ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி பார்த்தேன்.

பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் ஆடியது வலைப்பந்து. நல்ல விளையாட்டு, குறை சொல்லமாட்டேன். ஆனால் பந்து கைக்கு வந்தால் அப்படியே நிற்கவேண்டும். உனக்குக் கொடுத்த கோட்டைத் தாண்டவும் கூடாது. நானோ பந்து கைக்கு வந்தால் கால் தானாக ஓடுகிற பிறவி. விசில் சத்தம் கேட்டுக் கேட்டே என் பள்ளிக்கூட நாள்கள் முடிந்தன. இங்கே பார்த்தால், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஒருவன் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடுகிறான், ஒருவரும் விசில் ஊதவில்லை!

அந்த சீசன் முழுக்க அந்த அணி தோற்றது. சும்மா தோல்வி இல்லை, அடி மேல் அடி வாங்கினார்கள். பட்டியலில் அடியில் கிடந்தார்கள். என் மேற்பார்வையாளர், ஆட்டம் பாதியில் இருக்கும்போதே தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவச் சொல்லிவிடுவார். அந்த அணியில் உயரத்தில் எல்லாரையும் விடக் கட்டையான ஒருவர் இருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் என்னிடம் வந்து, சீனி அள்ளிப் போட்டுத் தேநீர் குடிப்பார். ஒருநாள் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், பரவாயில்லை, விளையாட்டுத்தானே என்று ஆறுதல் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பரவாயில்லை இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிழையைத் திருத்துவது மாதிரிச் சொன்னார்.

சீசனின் கடைசி ஆட்டம். காசில்லாமல் அணியையே மூடப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எதிரணி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. சனம் எழும்பிப் போகத் தொடங்கிவிட்டது. அப்போது பந்து கோட்டுக்கு வெளியே போகிறது. விட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அந்தக் கட்டை மனிதர் பாய்ந்தார். பந்தைத் தட்டி உள்ளே எறிந்துவிட்டு என் கவுண்டரில் வந்து மோதினார். பொரியல் பெட்டிகள் நாலாபக்கமும் சிதறின. எழும்பி, என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திரும்பி ஓடினார். தோற்றார்கள்தான். ஆனால் தோற்பது நிச்சயமான ஆட்டத்தையும் இவ்வளவு ரோசத்தோடு ஆடலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். கரண்டியால் கவுண்டரில் தட்டித் தட்டி ஆரவாரம் செய்தேன். மேற்பார்வையாளர் முறைத்தார். முறைக்கட்டும் என்று இருந்தேன்.

இனி ஹரோவுக்கு வருவோம். தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அப்பாமாருக்குக் கால்பந்து, கிரிக்கெட், கயிறிழுத்தல். அம்மாமாருக்கு, பாட்டு நின்றதும் உட்கார இடம்பிடிக்கிற சங்கீதக் கதிரையும், தேசிக்காயைக் கரண்டியில் வைத்து ஓடுவதும். வருடா வருடம் இதே கூத்து. அந்த வருடம் பெற்றோர் கூட்டத்தில் நான் கையைத் தூக்கினேன். அம்மாமாருக்குக் கூடைப்பந்து வேண்டும் என்றேன்.

விளையாட்டுக் குழுவின் தலைவர் நல்ல மனிதர். பள்ளிக்கூடத்துக்காக ஓடியாடி உழைப்பவர். எல்லாருக்கும் அவர் அண்ணைதான். ஆனால் நான் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கூடைப்பந்தோ? உங்களுக்கு ஏலுமே தங்கச்சி?"

"ஏலும் அண்ணை."

எனக்குப் பக்கத்தில் இருந்த மலேசியத் தமிழ்ப் பெண்ணும் கையைத் தூக்கினாள். வங்கியில் வேலை செய்பவள், நல்ல உயரம், அவளுடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அவளைப் பார்த்து இன்னும் சில கைகள் எழும்பின. தலைவர் இறங்கி வந்தார். தெற்கு லண்டனில் கோலியர்ஸ் வுட் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து அம்மாமாரையும் எதிரணியாகக் கூப்பிடலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை: இந்த முறை ஆட்டம் ஒழுங்காக நடக்காவிட்டால் இனி அந்தக் கதையே எடுக்கக்கூடாது.

அந்த வசந்தம் முழுக்கப் பூங்காவில் பழகினோம். அங்கே ஒரு துருப்பிடித்த வளையமும் பலகையும் இருந்தன. சுடிதாரைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வீட்டில் கிடந்த பழைய சப்பாத்துகளைக் காலில் போட்டுக்கொண்டு, மழையிலும் ஆடினோம். பலகையில் ஒரு சதுரம் வரைந்திருக்கும். பந்தைச் சரியாக அந்தச் சதுரத்தில் அடித்தால் அது தெறித்துக் கூடைக்குள் விழும். எங்களுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

போட்டி நாளன்று தார்த் தளத்துக்குப் போய்ப் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய கம்பங்கள். உச்சியில் வளையம். பின்னால் வெறும் வானம்!

"என்னா கா இது? போர்டு இல்லாம எப்படி லா?" என்றாள் மலேசியக்காரி.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது வலைப்பந்துக் கம்பம். தலைவர் மைதானம் ஒழுங்கு செய்யும்போது, பெண்கள் ஆடுகிற பந்து என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் பாடசாலையில் கண்ட அதே கம்பம்தான் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறார். கூடைப்பந்துத் தளம் கட்டிடத்துக்குள்ளே இருந்தது. அது பூட்டிக் கிடந்தது. பூட்டின் திறப்பை வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

"வளையத்துக்குள்ளதானே போடப்போறியள்? பலகை என்னத்துக்கு?" என்றார் தலைவர். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப வலைப்பந்தே விளையாடுங்கோவன். உங்களுக்குத் தெரிஞ்சதுதானே. எல்லாம் ஒண்டுதானே தங்கச்சி!" என்றார்.

எல்லாம் ஒண்டுதானே! எனக்கு இரண்டும் ஒன்றில்லை. என் அணியில் பலருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தெரிந்த விளையாட்டு, மானம் போகாது. ஆனால் அன்றைக்கு வலைப்பந்து ஆடியிருந்தால், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதுதான். ஆடாமல் போயிருந்தால் மறுபடியும் தேசிக்காயும் கரண்டியும்தான். என் கணவர் பக்கத்தில் வந்து மெதுவாக, "பரவாயில்லை, விடும்" என்றார்.

"பரவாயில்லை இல்லை" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கோ போய்விட்ட அந்தக் கட்டை மனிதருக்கு விளங்கியிருக்கும்.

தலைவரிடம் திரும்பினேன். "அண்ணை, நாங்கள் கேட்டது கூடைப்பந்து. பலகை இல்லாட்டி, இல்லாமல் விளையாடுறம். ஆனா பந்தைத் தட்டிக்கொண்டு ஓடத்தான் போறம்."

எதிரணித் தலைவி கோலியர்ஸ் வுட்டில் கடை நடத்துகிற ஒரு பெண். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவள், "நாங்கள் ரெயில் மாறி மாறி இவ்வளவு தூரம் வந்தது நிண்ட இடத்தில நிக்கிறதுக்கோ? ஓடுவம்!" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஐயோ, என்ன கூத்து! சதுரத்தைப் பார்த்து எறிந்து பழகிய கை சும்மா இருக்குமா? எறிந்த பந்தெல்லாம் கம்பத்தைத் தாண்டி வானத்தில் பறந்தது. ஒன்று போய்க் கட்லட் தட்டில் விழுந்தது. அப்பாமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வளையமும் வழக்கத்தைவிடச் சிறியது. எதிரணிக்கும் அதே கதிதான். பாதி ஆட்டம் வரை ஒருவராலும் ஒரு கூடையும் போட முடியவில்லை.

இரண்டாம் பாதியில் பந்து என் கைக்கு வந்தது. எங்கள் பக்கக் கோட்டுக்குக் கிட்ட நின்றேன். முன்னால் ஆளில்லை. தட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன். என் காது தானாகவே விசிலை எதிர்பார்த்தது. நடுக்கோட்டைத் தாண்டினேன். விசில் இல்லை. இன்னும் ஓடினேன். விசில் இல்லை! அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. கம்பத்துக்குக் கீழே போய் நின்று, பலகையை மறந்து, வளையத்தை மட்டும் பார்த்துப் பந்தை மேலே விட்டேன். வளையத்தைச் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அதற்குப் பிறகு கத்தத் தொடங்கியது. பிள்ளைகள் கோட்டுக்கு ஓடி வந்தார்கள். கயிறிழுக்க வேண்டிய அப்பாமார் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். மலேசியக்காரி ஒன்று போட்டாள். கோலியர்ஸ் வுட் அணி விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் அவர்கள் வென்றார்கள்.

பரிசளிப்பு. தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார். "அடுத்ததாக, பெண்களுக்கான வலைப்பந்தாட்டப் போட்டி" என்றார்.

"அண்ணை, கூடைப்பந்து!" என்று கத்தினேன்.

"ஓம், ஓம், அதுதான்" என்று சிரித்துக்கொண்டே எதிரணித் தலைவியிடம் கோப்பையை நீட்டினார். அவள் கையை நீட்டியிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நாங்கள் எதில வெண்டனாங்கள் எண்டு சரியாச் சொல்லுங்கோ, அண்ணை. பிறகு வாங்கிறன்."

தலைவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வியர்வையில் நனைந்து, முழங்கால் சிராய்த்து நின்ற எங்கள் எல்லாரையும் பார்த்தார். ஒலிவாங்கியை மறுபடியும் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். இந்த முறை சிரிக்கவில்லை.

"பெண்களுக்கான கூடைப்பந்தாட்டப் போட்டி" என்றார். பிறகு தானாகவே, "பலகை இல்லாமல் விளையாடினவை. அது என்ர பிழை" என்றும் சொன்னார்.

தோற்ற அணியான நாங்கள்தான் அதிகம் கைதட்டினோம். அடுத்த வருடம் பூட்டியிருந்த அந்த உள்தளத்தைத் திறந்து தந்தார்கள். பலகை இருந்தது, சதுரமும் இருந்தது. அதிலும் தோற்றோம் என்பது வேறு கதை.

இந்த நகரத்தில் எனக்கு நிறையப் பேர் நிறையத் தடவை இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று சொல்லியிருக்கிறார்கள், என் ஊரைப் பற்றி, என் படிப்பைப் பற்றி, என் பெயரைப் பற்றிக்கூட. முன்பெல்லாம் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். கேட்டதை அதன் சரியான பெயரைச் சொல்லித் தரும்வரை கையை நீட்டக்கூடாது என்கிற பிடிவாதம் அன்றைக்கு எனக்குள் வந்தது. அது இன்னும் போகவில்லை, போக விடவும் மாட்டேன்.