பூட்டக்கா திறந்த பன்னிரண்டு நிமிடம்

எங்கள் இணைய நிறுவனத்தில் அரசாங்கம் மூடச் சொல்லும் பக்கங்களை மூடுவது பதினோரு வருடமாக அவள் வேலை. அதனால் எங்களுக்கு அவள் பூட்டக்கா. உத்தரவு முத்திரை குத்திய காகிதமாகவே வரும். கோணலாக ஸ்கேன் செய்து, பாதி எழுத்து மங்கி. இணையத்தை ஆள்கிறவர்களின் லட்சணம் இது என்று பக்கத்து மேசையிலிருந்து நான் கிண்டலடிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். மூட வேண்டிய பக்கத்தின் இணைய விலாச எண்ணுக்கு அடியில் ஸ்கேலை வைத்து, இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தட்டுவாள். பூட்டியதும் திறந்ததும் நோட்டில் ஏறும், பக்கத்திலேயே கையெழுத்து.

அந்தத் திங்கட்கிழமை காலை வந்த உத்தரவு, வலிப்புக்குப் போலி மாத்திரை விற்கும் ஒரு பக்கத்தைப் பற்றியது. ‘இரண்டே நாளில் வீடு தேடி வரும்’ என்பது அதன் விளம்பரம். அதைச் சாப்பிட்டு ஒருவர் செத்தே போயிருந்தார். மூடியதை வெளியே சொல்லக் கூடாது. உத்தரவில்லாமல் திறந்தால் திறந்தவருக்குச் சிறை. எங்கள் பழைய கருவிக்கோ ஒரு பக்கத்தை மட்டும் தனியாக மூடத் தெரியாது. விலாச எண்ணைக் கொடுத்தால், அதே எண்ணில் குடியிருக்கும் இருநூறு பக்கங்களையும் சேர்த்து மூடிவிடும். ஒரு திருட்டுக் குடித்தனத்துக்காகக் கட்டடத்தையே பூட்டுகிற கதை.

மூன்றரை மணிக்கு அவளுடைய அக்கா மகள் போனில் அழுதாள்.

“சித்தி, நர்சிங் காலேஜ் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. விண்ணப்பம் அஞ்சு மணியோட முடியுது. நேர்ல குடுத்தா வாங்க மாட்டாங்களாம். இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும்.”

“வேற கனெக்‌ஷன்ல பாத்தியா?”

“எல்லாத்துலயும் இதே கதைதான்.”

கல்லூரியும் அதே எண்ணில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் வீட்டில் எங்கள் இணைப்பு; மற்ற நிறுவனங்களுக்கும் அதே உத்தரவு போயிருந்தது. காரணத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லவும் முடியாது. போனை வைத்தபோது பூட்டக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

உத்தரவு போட்ட அதிகாரியைக் கூப்பிட்டாள்.

“புரியுதும்மா,” என்றார் அவர். “ஆனா திறக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. கமிட்டி வியாழக்கிழமைதான் கூடும். இன்னொருத்தர் செத்தா யார் பதில் சொல்றது?”

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொறுக்க முடியாமல் மாத்திரைப் பக்கத்தின் பெயரை நானே தட்டிப் பார்த்தேன். அது வேறு எண்ணுக்கு மாறியிருந்தது.

“அக்கா, அவன் மத்தியானமே காலி பண்ணிட்டுப் போயிட்டான். நாம காலி வீட்டுக்குக் காவல் காக்குறோம். திறங்க.”

“நல்லாத் தெரியுமா?”

“என் கண்ணால பாத்தேன்.”

நாலு நாற்பத்தொன்றுக்குத் திறந்தாள். ‘இப்ப பாரு’ என்று மட்டும் அக்கா மகளுக்குப் போனில் சொன்னாள். அறையில் எந்தப் போன் அடித்தாலும் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. நாலு ஐம்பத்திரண்டுக்கு, “சித்தி, போயிடுச்சு! விண்ணப்ப நம்பர் வந்துடுச்சு!” அடுத்த நிமிடம் பூட்டினாள். நான் மேசையைத் தட்டிக் கொண்டாடினேன்.

அவள் கொண்டாடவில்லை. பூட்டியபின் எத்தனை பேர் எந்தப் பக்கத்துக்குப் போய்வந்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்ப்பது அவள் வழக்கம். திரையை என் பக்கம் திருப்பினாள். மாத்திரைப் பக்கத்துக்கு மூன்று பேர்.

அவன் புதுக்கடை திறந்தானே தவிர பழையதை மூடவில்லை. பழைய எண்ணை நினைவில் வைத்திருந்த கணினிகள் நேரே அங்கே போயிருக்கின்றன. எங்கள் வேலையில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் இது. ஆத்திரத்தில் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. இரண்டு பேர் உடனே வெளியேறியிருந்தார்கள். மூன்றாமவர் ஆறு நிமிடம் இருந்து, பணமும் கட்டியிருந்தார்.

“என் பேரையும் எழுதுங்கக்கா. நான்தானே சொன்னேன்.”

“சொன்னது நீ. திறந்தது நான்,” என்று தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு அதிகாரியை மறுபடி கூப்பிட்டாள்.

“சார், உத்தரவில்லாம நான் திறந்துட்டேன். ஜெயிலப் பத்தி அப்புறம் பேசலாம். ஒருத்தர் அந்த மாத்திரையை வாங்கியிருக்காரு. அவர் யாருன்னு எங்க பதிவுல தேட எனக்கு இப்பவே உத்தரவு குடுங்க.”

“ஆளைத் தேடுறதுக்கும் கமிட்டிதாம்மா உத்தரவு போடணும். வியாழக்கிழமை...”

“மாத்திரை புதன்கிழமையே அவர் வீட்டுக்கு வந்துடும் சார்,” என்றாள் பூட்டக்கா.