விழிதியூர்ப் பெரியவரை இரண்டு முறை பதிந்த கதை

1. நாதஸ்வரம்

ப்ளே பட்டனை அழுத்தினேன். விழிதியூர்ப் பெரியவர் வைத்திலிங்கத்தின் குரல் வரவேண்டிய இடத்தில் நாதஸ்வரம் வந்தது. கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். தவில். கேசட்டைத் திருப்பிப் போட்டேன். கெட்டிமேளமே கொட்டிவிட்டார்கள்.

பெரியவருக்கு அப்போது தொண்ணூறு தாண்டியிருந்தது. காது கொஞ்சம் மந்தம். ஈஸி சேரில் சாய்ந்து அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் மல்லிகாவின் முகம்தான் வெளுத்துப் போயிருந்தது.

"தம்பி கல்யாணத்துக்குப் பாட்டு கேசட்டுன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிட்டேங்க்கா. அங்க யாரோ அதுலயே பதிஞ்சிருக்காங்க."

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே மறுபடி பதிய முடியாது. நான் உடைத்துத்தான் கொடுத்திருந்தேன். திருநள்ளாற்றுக் கல்யாணத்தில் எவரோ ஒரு கெட்டிக்காரர் அந்த ஓட்டைமேல் செல்லோ டேப்பை ஒட்டி வேலையை முடித்துவிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து பதிந்தது அத்தனையும் போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கல்யாண வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "நல்லாத்தான் வாசிக்கிறான். போவட்டும் விடும்மா. நான் பேசுனதுல உருப்படியா ஒண்ணும் இல்ல."

2. ஒயர்கூடை

என் கணவர் காரைக்காலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அதோடு கேசட் பதிவும் சேர்ந்துகொண்டது. பிரான்சிலும் துபாயிலும் பிள்ளைகள் இருந்த வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அம்மா அப்பா குரலைப் பதிந்து அனுப்பச் சொல்லி அங்கிருந்து ஆள்மேல் ஆள் வரும். மிகவும் வயதானவர்கள் கடைக்கு வர முடியாது. வீடுகளுக்கு என் கணவர் போனால் அங்கே பாதிப் பேர் வாயைத் திறக்கமாட்டார்கள். அதனால் டேப் ரெக்கார்டரை ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீடு இருந்த தருமபுரத்திலிருந்து பஸ் ஏறுவது என் வேலையாயிற்று.

மைக்கை நீட்டி "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்றால் எந்தப் பெரியவரும் அதிகாரி முன்னால் நிற்பதுபோல் விறைத்துப் போவார். பெயர், ஊர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒப்பித்துவிட்டு "போதுமா?" என்பார். ஆகவே நான் முதலில் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பேன். முழங்கால் வலிக்கு என்ன தேய்க்கிறார்கள் என்று கேட்பேன். பேச்சு சூடு பிடித்த பிறகு, "இதையே பதிஞ்சுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிவப்புப் பட்டனை அழுத்துவேன்.

விழிதியூர் வீட்டுக்கு என்னை வரச் சொன்னது பிரான்சிலிருந்த மகள் கமலா. அப்பா பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவர் குரலிலேயே கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பேரப்பிள்ளைகள் கேட்பதற்கு என்று பெரியவரிடம் சொன்னோம். கேட்டது கமலா என்று அவருக்கா தெரியாது? தெரிந்தும் தெரியாததுபோல் ஒத்துக்கொண்டார்.

முதல் தடவை பதிந்தபோது, "பொம்பளைங்க சத்தம் உள்ள வரக்கூடாது" என்று மனைவி சௌந்தரம்மாளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார். நான் பெண் என்பது அவர் கணக்கில் இல்லை. நான் மெஷினோடு வந்த சாமான். நிலம் வாங்கியது, புயலில் கூரை போனது, பிரெஞ்சுக்காரன் காலத்து வரி, ஒரு ஜோடி உழவு மாடு என்று இரண்டு நாளும் கம்பீரமாகப் பேசினார். மாட்டைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம். கமலா என்று ஒரு மகள் பிறந்ததாகவே அதில் இல்லை.

கிளம்பும்போது சௌந்தரம்மாள் கொல்லைப்புறம் என்னை நிறுத்தினார்.

"கமலாவப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாராம்மா?"

"இல்லைங்கம்மா."

"அவளா பாத்து வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டா. பிரெஞ்சு நேஷனாலிட்டிக் குடும்பம். 'இந்த வாசல மிதிச்சா வெட்டிப் போட்டுருவேன்'னு தெருவே கேக்கக் கத்துனாரு. அன்னிக்குப் போனவதான். எனக்குக் காயிதம் போடுவா. வாம்மான்னா வரமாட்டேங்குறா. இந்த மனுஷன் கண்ண மூடுறதுக்குள்ள அவள ஒரு வார்த்தை கூப்புட்டுட்டாருன்னா போதும்."

அந்தக் கேசட்டைத்தான், பிரான்சுக்குப் போக ஆள் கிடைக்கும்வரை அலமாரியில் வைத்திருந்த நேரத்தில், நாதஸ்வரம் விழுங்கியது.

3. நிறுத்து

அடுத்த வாரமே மறுபடி போனேன். இந்த முறை சௌந்தரம்மாள் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஏன் இங்க உக்காந்திருக்க?" என்றார் பெரியவர்.

"போன தரம் நான் அடுப்படியில இருந்ததாலதான் மேளமாப் போச்சு. இந்தத் தரம் நான் காவ இருக்கேன். நீங்க பேசுங்க."

அவர் பேசினார். அதே நிலம், அதே புயல். அந்த அம்மாள் கீரையை உருவியபடியே திருத்தினார். "மாடு உங்க பணத்துலயா வாங்குனீங்க? எங்கப்பா வாங்கிக் குடுத்தது." பெரியவர் ஒரு முறை முறைத்துவிட்டு மேலே பேசிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும் பாடாக இருந்தது. முதல் கேசட்டைவிட இது எவ்வளவோ ருசியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அந்த அம்மாள், தலையை நிமிர்த்தாமல், "ஸ்டேஷனுக்குப் போனதச் சொல்லுங்க" என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "மெஷின நிறுத்து."

"நிறுத்தாதம்மா. சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அவர் வாயாலயே வரட்டும்."

"நிறுத்துங்குறேன்ல?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவருக்குக் கண்ணும் சரியில்லை, காதும் சரியில்லை. நிறுத்தியதுபோல் கையை வைத்துவிட்டு ஓடவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அந்த அம்மாள் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது அவர் கதை, என்னுடையது இல்லை. ஸ்டாப் பட்டனை அழுத்தினேன். சந்தேகமே வேண்டாம் என்று கேசட்டை வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"உங்ககிட்டயே இருக்குங்கய்யா. எதுவும் ஓடல."

சௌந்தரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போகப் பார்த்தார். பெரியவர் கேசட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். மல்லிகா கொண்டுவந்த காபியைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"உக்காரு சௌந்தரம்" என்றார். பிறகு கேசட்டை என் பக்கம் நீட்டினார். "போடு."

அவர் பேசியது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"கமலா, அப்பா பேசுறேன். நீ பிரான்சுக்குப் போறதுக்குப் பேரளம் ரயில் ஏறுன அன்னிக்கு நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அம்மா நார்த்தங்கா ஊறுகா போட்டு வச்சுட்டு, குடுத்தனுப்ப ஆளில்லாம ராத்திரி பூரா அழுதுட்டுக் கெடந்தா. விடிஞ்சதும் ஜாடியத் துண்டுல சுத்திக்கிட்டு நடந்தே வந்தேன். குடுத்துட்டுத் திரும்பிடலாம்னுதான். கூட்ஸ் ஷெட்டு வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல கால் வரல. கத்துன வாயி, எந்த மொகத்த வச்சிக்கிட்டுக் கிட்ட வர்றது? வண்டி போன பொறவு ஜாடியத் திரும்பத் தூக்கிட்டு வந்துட்டேன். அப்பன் வந்து பாக்கலன்னு நீ நெனச்சிருப்ப. வந்தேன். அவ்ளோதான். மாட்டப் பத்தி இன்னொரு நாளு சொல்றேன்."

சௌந்தரம்மாள் மடியிலிருந்த கீரை முழுக்கத் தரையில் கிடந்தது. நானும் அழுதேன். வேலை செய்யும் இடத்தில் அழக்கூடாது என்று என் கணவர் சொல்வார். அவருக்கென்ன, கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கேசட்டை நான் யாரிடமும் விடவில்லை. பற்களை உடைத்து, ஆள் கிடைத்ததும் நானே கையில் கொடுத்து அனுப்பினேன்.

4. பதில்

சில மாதம் கழித்து கமலாவின் கேசட் வந்தது. சௌந்தரம்மாள் எனக்குச் சொல்லி அனுப்பினார். பெரியவர் அப்போது படுக்கையில்தான். டேப் ரெக்கார்டரைத் தலையணையோடு ஒட்டி வைத்தேன்.

ப்ளே பட்டனை அழுத்தினேன். வந்தது அந்தப் பெண்ணின் குரல்.

"அப்பா, அன்னிக்கு நான் ஒங்களப் பாத்தேன். கூட்ஸ் ஷெட்டுக்கிட்ட நின்னீங்க. துண்டுல சுத்தி என்னமோ வச்சிருந்தீங்க. அருவான்னு நெனச்சேம்பா. வெட்டுவேன்னு சொன்னீங்கள்ல, அதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சு பெஞ்சுக்குக் கீழ குனிஞ்சு உக்காந்துட்டேன். இத்தன வருஷமா அருவான்னே நெனச்சுட்டு இருந்தேன். அதனாலதாம்ப்பா நான் வரல."

நான் சௌந்தரம்மாளைப் பார்த்தேன். அவர் பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.  பெரியவர் அழுகிறாரா என்று குனிந்து பார்த்தால், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

"ஊறுகாடி, கழுத" என்றார் மெஷினைப் பார்த்து. "ஊறுகா."

பிறகு என்னிடம், "அவளுக்குக் கேட்டிருக்குமா?" என்றார்.

"செவப்புப் பட்டன அமுக்குனாத்தாங்க பதியும்."

"அப்ப அமுக்கு. இன்னொரு தரம் சொல்றேன்."

அடுத்த பொங்கலுக்கு கமலா வந்தார். பெரியவர் இருந்தார். அதைப் பதிய என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் சரி.

5. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

இப்போது உள்ளங்கைக்குள் அடங்கும் மெஷின்கள் வந்துவிட்டன. வயதானவர்களின் கதையைப் பதிய வேண்டும் என்று வரும் பிள்ளைகள் என்னிடம் என்ன கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியெல்லாம் தானாக வரும். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். நிறுத்தியது அவர்களுக்குத் தெரியும்படி நிறுத்துங்கள். மறுபடி போடு என்று அவர்களே சொல்லும்வரை காபி குடித்துக்கொண்டு சும்மா இருங்கள். சொல்லாமலே போனாலும் போகட்டும்.

அன்று நான் அவரை ஏமாற்றி ஓடவிட்டிருந்தால் அந்தக் கேசட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டைதான் இருந்திருக்கும். பெரியவர் மாட்டைப் பற்றியே பேசிவிட்டுப் போயிருப்பார். கமலா அங்கே அந்த அருவாளை நினைத்துக்கொண்டே இருந்திருப்பார்.