பேசும் சுவரை வழியனுப்ப ஆரணிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டில் நான்கு வருடமாக இரவு ஏழரை மணிக்கு யாரும் என்னோடு பேசியதில்லை. 'ஜாகீர்தார் வீதி' ஓடும் நேரம் அது. ஆரணி ஜாகீர் காலத்துக் கதை. அலமேலு என்று ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், ஜாகீர்தாரின் உறவுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போய்ப் படாத பாடு படுவாள். மாமியார் அவளை ஓர் அறைக்குள் அடைத்து வைப்பாள். அவள் தன் துக்கத்தையெல்லாம் அந்த அறையின் செங்கல் சுவரிடம் சொல்வாள். சுவர் பதில் பேசாது. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பது போலக் காட்டுவார்கள். ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் பேசும் சுவர்.

போன மாதம் ஒரு சனிக்கிழமையோடு தொடர் முடிந்தது. மறுநாள் ஞாயிறு, ஆரணியில் படப்பிடிப்பு நடந்த வீட்டுக்கே போய் விடைபெறுவது என்று ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுத்தார்கள். என் மனைவி புஷ்பா அதில் உறுப்பினர். தாம்பரத்தில் எங்கள் பாத்திரக்கடைக்கு ஞாயிறு பாதி நாள் வியாபாரம் உண்டு. அதையும் விட்டுவிட்டு நான் துணைக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், போகாவிட்டால் என்ன ஆகும் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

போவதற்கு முன்பே ஒன்று சொன்னேன். அந்த ஞாயிறு அமாவாசை. கடை வைப்பதற்கு முன் காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் விற்றவன் நான். அமாவாசைக்குத் தறி ஓடாது. வீட்டில் ஆண், பெண் எல்லோரும் கை ஓய்ந்து இருப்பார்கள், குடம் நன்றாகப் போகும். ஆரணியிலும் அதே வழக்கம்தான். "தறிச் சத்தம் கேட்கணும்னு போறீங்க, அன்னைக்குத் தெருவே கப்சிப்னு இருக்கும்" என்று புஷ்பாவின் போனில் குரல் பதிவு போட்டேன். குழுவின் தலைவி டெய்சி டீச்சர், சேத்துப்பட்டில் பள்ளி ஆசிரியை. அவரிடமிருந்து உடனே பதில் வந்தது: "சார், அலமேலு அமாவாசை அன்னைக்குத்தானே முதல் புடவையை நெய்தாங்க? நீங்க அந்த எபிசோடு பார்க்கலையா?" அதற்குப் பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்காக வழி: தாம்பரத்திலிருந்து காலை ஐந்தரைக்குக் காஞ்சிபுரம் பஸ் பிடித்தோம். அங்கிருந்து செய்யாறு வழியாக ஆரணிக்குச் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஆளுக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது. செய்யாறு தாண்டியதும் சாலை நன்றாகவே இருக்கிறது, என் முதுகுதான் நன்றாக இல்லை. உட்கார இடம் வேண்டுமானால் காஞ்சிபுரத்தில் பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். பாதி வழியில் ஏறினால் கம்பிதான் துணை.

ஆரணி பஸ் நிலையத்தில் இறங்கியபோது மணி ஒன்பதரை. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் கூட்டம் அமாவாசை என்பதால் நெருக்கியடித்து நின்றது. படவேட்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுபவர்கள் அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். சாதாரண நாளிலேயே பஸ் குறைவு. நாங்கள் பக்கத்து ஓட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். வடகறிக்காக இன்னொரு முறைகூட வரலாம்.

ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார், எழுபதுக்கு வந்தார். "சீரியலு வூடா? காலைலேர்ந்து மூணு சவாரி அங்கதான். ஒரு அம்மா பின்னாடி உக்காந்துகினு அழுதுகினே வந்தாங்க. இன்னாமா, யாராச்சும் தவறிட்டாங்களான்னு கேட்டேன். அலமேலு போய்ட்டாப்பான்றாங்க. நான் ஆட்டோவ ஓரங்கட்டி, எந்த அலமேலுன்னு கேட்டுட்டேன். பேஜாரா பூட்சி."

புஷ்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். ஆட்டோவில் இரண்டு பக்கமும் ஜன்னல் கிடையாது.

தெரு நான் சொன்னபடியே இருந்தது. எங்கோ தூரத்தில் ஒரு விசைத்தறி மட்டும் ஓடியது. வீட்டு வாசலில் இருபது, இருபத்தைந்து பேர். பெரும்பாலும் பெண்கள். இரண்டு மூன்று கணவர்கள் என்னைப் போலவே நிழல் தேடி நின்றார்கள். டெய்சி டீச்சர் சேத்துப்பட்டு சர்ச்சில் முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார். பையில் பூமாலை. சுவருக்கு.

வீட்டுக்காரர் ஏகாம்பரம் பட்டு நெசவாளர். அவர் மனைவி சரோஜா அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். யாரோ, "இன்னைக்குத் தறி ஓட்டமாட்டீங்களாம்மா?" என்று கேட்டதற்கு, "அமாவாசைங்களே" என்றார்.

"அலமேலு ஓட்டினாங்களே?"

"அமாவாசை அன்னிக்கா? அவ மாமியா சும்மா வுட்டுச்சா? அதுக்கே ரூமுல போட்டுப் பூட்டியிருப்பா!" என்று சரோஜா அம்மா சிரித்தார். தொடரில் வரும் தறிச் சத்தம்கூட அந்த வீட்டுச் சத்தம் இல்லையாம். படப்பிடிப்பு நாளில் ஏகாம்பரத்தின் தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிறகு சென்னையில் எங்கோ சத்தத்தைச் சேர்த்தார்களாம். இதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு சின்ன வாட்டம் பரவியது. டெய்சி டீச்சர் என் பக்கம் பார்க்கவில்லை. ஜெயித்த இடத்தில் வாய் திறக்காமல் இருப்பதும் வியாபாரம்தான்.

பிறகு சுவரைப் பார்க்கக் கூடத்துக்குள் போனோம். சின்னத் திரையில் பெரிய அரண்மனைச் சுவர் போலத் தெரிந்தது. நேரில் ஒரு சாதாரணக் கூடத்தைக் குறுக்கே மறித்து நின்றது, என் தலைக்கு மேல் ஓர் அடி உயரம். பெண்கள் சத்தமில்லாமல் முன்னால் போய் நின்றார்கள். சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சுவருக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஏதோ சொன்னார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. நாள் முழுக்க யாரிடமும் ஒன்றும் சொல்ல முடியாதவர்கள் எத்தனை பேர் என்று தோன்றிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் ஒரு கடப்பாறையோடு உள்ளே வந்தார்.

"அம்மா, பாத்துட்டீங்கன்னா கொஞ்சம் நகருங்க. எடுக்கணும்."

"எதை எடுக்கணும்?" என்றார் டெய்சி டீச்சர்.

"செவுத்தத்தான்."

கூடத்தில் எழுந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. சரோஜா அம்மா முன்னால் வந்து விளக்கினார். சுவர் நிற்கும் இடத்தில்தான் அவர்கள் வீட்டின் இரண்டாவது குழித்தறி இருந்தது. தரையில் குழி தோண்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தறி. தொடர்காரர்கள் வாடகை பேசி, குழியைப் பலகையால் மூடி, மேலே சுவர் எழுப்பினார்கள். கடைசிப் பகுதி டிவியில் வரும்வரை தொடக்கூடாது என்பது பேச்சு. அந்தத் தறியில் நெய்துகொண்டிருந்த மகள் ரேவதி, அன்றிலிருந்து பக்கத்துத் தெருவில் வேறொருவர் வீட்டுத் தறியில் நெய்கிறாள். நாளைக்கு அந்த வீட்டுக்காரர் தன் மருமகளை அதில் உட்காரவைக்கிறார். ரேவதிக்கான பாவு, அதாவது தறியில் ஏற்றும் நூல், நாளைக் காலையில் இங்கே வருகிறது.

"இன்னிக்கு அமாவாசை, இவரு கை ஓய்வு. நெறஞ்ச நாளு. இன்னிக்கு எடுத்துக் குழிய சுத்தம் பண்ணலேன்னா, நாளைக்கு எம் பொண்ணு பாவ வச்சிகினு சும்மா உக்காரணும். வேற தறி கெடையாதுங்க."

"ஒரே ஒரு வாரம்மா," என்று டெய்சி டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த ஞாயிறு சேலத்துலேருந்து வேன் வச்சி வராங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன். வயசானவங்க, சுவரைப் பாக்கணும்னே வராங்க."

"டீச்சர், நீங்க வாக்குக் குடுத்தீங்க. செவுரு என்னுதாச்சே" என்றார் சரோஜா அம்மா.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "அம்மா, நான் வியாபாரி, தப்பா நினைக்காதீங்க. பாக்க வர்றவங்களுக்குத் தலைக்கு இருபது ரூபாய்னு வச்சா வாடகைக்கு மேலயே வரும்" என்றேன்.

சரோஜா அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்ளோ நாளைக்குங்க வரும்?"

நான் யோசித்தேன். பொங்கல் முடிந்த மறுவாரம் பொங்கல் பானையை யார் வாங்குகிறார்கள்? "ரெண்டு மாசம்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"ரெண்டு மாசங்கூட வராது. அடுத்த சீரியலுக்குப் பூடுவீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் பெண்கள் யாரும் நகரவில்லை. சுவருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஏகாம்பரம் கடப்பாறையை ஓரமாகச் சாய்த்துவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார். பெண்களை எப்படித் தூக்கி வெளியே வைப்பது?

இப்படியே ஒரு மணி நேரம் போனது. வெயில், பசி. தூக்கமில்லாமல் வந்தவர்கள் சுவரிலேயே சாய்ந்து கண்ணயர்ந்தார்கள். கதவோரம் ஒரு பெண் துடைப்பமும் கூடையுமாக நின்றுகொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். அவள்தான் ரேவதி என்று பார்த்ததும் தெரிந்தது, அம்மாவின் அதே மூக்கு.

புஷ்பா அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து, "வா, உக்காரு. எத்தனை நேரம் நிப்பே?" என்றாள். "உனக்கு யாரைப் பிடிக்கும்? அலமேலுவையா, சின்ன ராணியையா?"

"நான் பாத்ததில்லக்கா."

"என்னது? உங்க வீட்டுல எடுத்த சீரியலை நீயே பாத்ததில்லையா?"

"ஏழரைக்கு அந்தூட்டுத் தறியில இருப்பேன். எட்டு மணிக்குத்தான் எறங்குவேன். அவங்களும் டிவி போடுவாங்க, ஆனா அது உள்ரூமு. சத்தம் மட்டும் கேக்கும். பாட்டு வரும்போது ஒரு கை மெதுவாப் போவும், அவ்ளோதான்."

புஷ்பா கொஞ்ச நேரம் ரேவதியின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சுவரிடம் போனாள். இதுவரை அவள் போகவில்லை, கடைசியில் போகிறேன் என்றிருந்தாள். நெற்றியை வைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக என்னோடு கடையில் நிற்கிறவள், எனக்குச் சொல்லாதது ஏதாவது இருக்கத்தானே செய்யும்.

திரும்பி வந்து, ஓரத்தில் சாய்ந்திருந்த கடப்பாறையை எடுத்தாள்.

"அண்ணா," என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள், "எங்க மொதல்ல நெம்பணும்?"

"புஷ்பா, உனக்கு என்ன ஆச்சு?" என்று டெய்சி டீச்சர் எழுந்தார்.

"டீச்சர், அலமேலு வெளிய வந்துட்டா. நேத்து பாத்தோம்ல? இந்தப் பொண்ணு இன்னும் வெளியதான் நிக்குது, உள்ள வரணும்."

ஏகாம்பரம் பீடியை எறிந்துவிட்டு ஓடிவந்து இடது மூலையைக் காட்டினார். ஒரே நெம்பு. செங்கல் ஒன்று கழன்று விழுந்தது. விழுந்த சத்தமே இல்லை. புஷ்பா அதை எடுத்துப் பார்த்தாள். தெர்மாகோல். மேலே செம்மண் பூச்சு.

வேலூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "இதுகிட்டயாடி நான் எம் மாமியாளப் பத்தி அழுதேன்!" என்றார். அவ்வளவுதான். சிரிப்பு பிடித்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே இரண்டு பேர் அழுதார்கள். அதன்பின் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு செங்கலாகக் கழற்றி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். கணவன்மார்களுக்குப் பின்பக்கத்துப் பிளைவுட்டைச் சுமக்கும் பங்கு வந்தது. அரைமணியில் சுவர் இல்லை. தனி ஆளாக எடுத்தால் ஒரு நாள் வேலை என்று ஏகாம்பரம் நினைத்திருந்தாராம்.

பலகையைத் தூக்கியதும் குழி முழுக்கக் காகித டீக் கப்புகள், சிகரெட் துண்டுகள், ஒரு கிழிந்த செருப்பு. படக் கம்பெனிக்காரர்களைப் புஷ்பா வைத வசவை இங்கே எழுத முடியாது. பெண்கள் வரிசையாக நின்று கூடை மாற்றினார்கள். கொண்டுவந்த பூமாலையை டெய்சி டீச்சர் என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார். சரோஜா அம்மா அதை வாங்கி, ஓரத்தில் நின்ற தறி மரத்தில் போட்டார்.

ரேவதி குழிக்குள் இறங்கிக் காலை நீட்டி அளவு பார்த்தாள். "அப்பா, மிதிக்கட்டைய கொஞ்சம் தள்ளிப் போடணும். நான் வளந்துட்டேன்" என்றாள்.

டெய்சி டீச்சர் வாசலுக்குப் போய் சேலத்துக்குப் போன் செய்தார். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "வேனை நிறுத்திடுங்க. சுவர் இல்லைங்க. இல்லை, அவங்க எடுக்கலை. நாங்கதான் எடுத்தோம்."

மூன்றரைக்குக் காஞ்சிபுரம் பஸ். உட்கார இடம் கிடைத்தது. புஷ்பா பஸ் கிளம்பும் முன்பே தூங்கிவிட்டாள். பேசும் சுவரின் தெர்மாகோல் தூள், தின்ற முறுக்கின் தூள் மாதிரி என் சட்டையிலிருந்து உதிர்ந்துகொண்டே வந்தது. இதெல்லாம் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. அதே நேரம் கடையிலேயே இருந்திருந்தால் வந்திருக்கும் வியாபாரம் எனக்கு இப்போது நினைவில் இருந்திருக்காது.

போகிறவர்களுக்கு: தறி பார்க்க வேண்டுமானால் அமாவாசை வேண்டாம், நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பட்டு வாங்குவதானால் காலையில் போய் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், முதல் கடையில் வாங்காதீர்கள். நேரமிருந்தால் தேவிகாபுரம் பழைய கோயிலுக்கு ஆரணியிலிருந்து பஸ் இருக்கிறது. தண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நிழல் குறைவு.

அந்த வீட்டு முகவரியைக் கேட்டு யாரும் எழுதாதீர்கள், தரமாட்டேன். அங்கே பார்க்க இப்போது ஒன்றும் இல்லை. ஒரு பெண் வேலை செய்துகொண்டிருப்பாள்.