பழைய முத்திரையை ஏற்காத பெட்டி

மிரண்டாவுக்கு இந்தப் பித்துப் பிடித்தது மாதா கோயிலில்தான். ஆங் மோ கியோ வட்டாரத்தில் அவர் பூசைக்குப் போகும் கோயிலில், நடமாட முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பூசை காண ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது தானாகத் திரும்பிப் பாடகர் குழுவைப் பார்த்தது. பிறகு கூரையைப் பார்த்தது. எங்கிருந்தோ யாரோ அதை ஆட்டிவைத்தார்கள். சாமியார் திகைத்து நின்றார். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மிரண்டா, பூசை முடிந்ததும் கேமராவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அதற்குள் லினக்ஸ் ஓடியது. பெரிய பெரிய கணினிகளை நடத்தும் அதே இயங்குதளம், விரல்நகம் அளவு சில்லுக்குள். கடவுச்சொல்லோ தயாரித்தவர்கள் வைத்தது, எல்லாக் கேமராவுக்கும் ஒன்றேதான்.

“கீத், இங்க வாங்களேன்! இது கேமராவே இல்ல, குட்டி கம்ப்யூட்டர்! கதவத் தொறந்து போட்டே கடைக்கு அனுப்பியிருக்காங்க!”

கணவர் கீத் சாப்பாட்டுத் தட்டை ஸ்குருக்களிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, “அப்ப மூடு லா,” என்றார்.

மூடுவதுதான் பிறகு மிரண்டாவின் தொழிலானது. வேலை பார்த்துக்கொண்டே படித்து, ஜூரோங்கிலேயே ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தார். சந்தைக் கடைகளின் உறைபெட்டிகளில் மாட்டும் ஒரு சின்னக் கருவிப் பெட்டியை அவர்கள் செய்தார்கள். குளிர் குறைந்தால் கடைக்காரரின் போன் கத்தும். அந்தக் கருவிக்குள் யாராவது புகுந்து அதன் வாயை அடைத்துவிட்டால்? கறி கெடுவது யாருக்கும் தெரியாது. ஒன்றில் புகுந்தவர் எல்லாவற்றிலும் புகலாம். விற்பனைக்கு முன்னால் பூட்டு உடைப்பவர் ஒருவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்று மிரண்டா பிடிவாதம் பிடித்தார்.

வந்தவர் ருக்கையா. நிறுவனங்கள் கேட்டுக்கொண்டால் அவர்களுடைய கருவிகளை உடைத்துக் காட்டுவது அவர் வேலை. மூடியைத் திறந்தார், உள்ளே சில்லுகள் பதித்த பலகையில் சோதனைக்காக விட்டிருந்த ஊசிகளில் சில ஒயர்களை மாட்டினார். மிரண்டா வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறக்கூட இல்லை.

“உள்ள வந்துட்டேன் லா.”

மிரண்டாவின் முகம் வெளுத்தது. அடுத்த நொடியே நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். “எப்படி? மறுபடி செய்ங்க, நா பாக்கணும்!”

அன்றிலிருந்து மிரண்டா பம்பரமாகச் சுழன்றார். ஊசிகளின் வழியை அடைத்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிச் சாவி வைத்தார். பெட்டி விழித்ததும் முதலில் ஓடும் சிறு நிரல், அடுத்து ஓடவேண்டிய நிரலில் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். முத்திரை என்பது போலி செய்ய முடியாத ஒரு கணக்கு. உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் பொருந்தாது, பெட்டி எழுந்திருக்காது.

ருக்கையா மறுபடி வந்தார். ஒயர் மாட்டினார், பதிலே இல்லை. நிரலில் ஓர் எழுத்தை மாற்றினார், பெட்டி மறுத்துவிட்டது. மிரண்டா மேசையைச் சுற்றி ஒரு ஆட்டமே போட்டார்.

“இருங்க, இன்னும் முடியல,” என்ற ருக்கையா, நிறுவனமே முன்பு முத்திரையிட்டு வைத்திருந்த ஒரு பழைய நிரலை ஏற்றினார். பிறகு கண்டுபிடித்துச் சரிசெய்த ஓட்டை அதில் அப்படியே இருந்தது. ஆனால் முத்திரை அசல். பெட்டி அதைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டது.

“நா ஒண்ணும் போலி செய்யல. உங்க முத்திரைதான் இது!”

மிரண்டா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “அடிப்பாவி! என் சாவிய வெச்சே என்னத் தொறந்துட்டியே!” ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

சில்லுக்குள் நுண்ணிய ஃபியூஸ்கள் உண்டு. ஒன்றை எரித்தால் எரித்ததுதான், எவராலும் திரும்ப ஒட்டமுடியாது. ஓட்டையை அடைத்த புதிய நிரல் வரும்போது ஒரு ஃபியூஸை எரித்துவிட்டால், பெட்டி எரிந்தவற்றை எண்ணிப் பார்த்து, அதற்கு முந்தைய நிரல்களை என்றைக்கும் ஏற்காது. அவசரத்தில் மிரண்டா முதல் பலகையின் ஃபியூஸை எரித்துவிட்டார். புதிய நிரல் ஓடவில்லை, பழையதற்கும் வழியில்லை. பலகை செத்தது. பெட்டிக்குள் இரண்டு இடம் ஒதுக்கினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. ஒன்றில் பழையது ஓடட்டும், மற்றதில் புதியது ஏறட்டும். புதியது நன்றாக ஓடிக் காட்டிய பிறகே ஃபியூஸ் எரியவேண்டும்.

அடுத்த முறை ருக்கையா என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “போதும் லா, இத கடைக்கு அனுப்பு,” என்றார்.

கடைகளில் மாட்டியபின் முதல் புதுப்பிப்பு அனுப்பிய அன்று மிரண்டா அலுவலகத்தில் இருக்கமாட்டாமல் தேக்கா சந்தைக்கு ஓடினார். பதுருன்னிசாவின் ஆட்டுக்கறிக் கடைமுன் போனும் கையுமாக நின்றார். புதிய நிரல் பாதிதான் ஏறியிருந்தது. பதுருன்னிசா கொத்துக்கறி இயந்திரத்தை மாட்டுவதற்காக ஒரு பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி அணைந்தது.

“அக்கா! எதப் புடுங்குனீங்க?”

“சும்மாதான மினுக்கிட்டு இருந்துச்சு?”

மிரண்டா பாய்ந்து பிளக்கைச் செருகினார். பெட்டி விழித்தது. பாதி ஏறிய நிரலின் முத்திரை பொருந்தவில்லை. ஃபியூஸ் இன்னும் எரியவில்லை என்பதால் அது பழையதையே எடுத்து ஓட்டியது. போனில் குளிரளவு வந்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, புதிய நிரலை மறுபடி இறக்கத் தொடங்கியது. ஏற்றியது, ஓடிப் பார்த்தது, ஃபியூஸை எரித்தது. பச்சை விளக்கு நிலைத்து நின்றது.

“எந்திரிச்சிருச்சு! அக்கா, தானா எந்திரிச்சிருச்சு!” மிரண்டா கவுண்டரைச் சுற்றி ஓடி, கறிக்கறை படிந்த ஏப்ரனோடு அவரைக் கட்டிக்கொண்டார்.

“என்னம்மா இது! என் கறி கெடாதுல்ல?”

“கெடறதுக்கு முன்னாடி போன் கத்தும்க்கா!”

“அப்ப சரி,” என்று பதுருன்னிசா கத்தியை எடுத்துக்கொண்டார். மிரண்டா அடுத்த கடையின் பெட்டியைப் பார்க்க ஓடினார்.