தாலி கிடந்த தட்டு

எண்பதுகளின் நடுவில், அம்மா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை விமானம் ஏறினார். மதராஸில் அவருடைய அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பீடோங்குக்கு வெளியே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் நானும் அம்மாவும் மட்டும் போனோம். அப்பாவுக்குப் பால்வெட்டு வேலையில் லீவு கிடைக்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் படிவம் முடித்துத் தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள். பயணப் படிவங்களை நானே நிரப்பி, முகப்பில் இருந்தவரிடம் நல்ல மலாயில் பேசி, அம்மாவின் பெட்டியை ஏற்றினேன். எல்லாம் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சோதனை வாசலில் என்னைக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.

அம்மா உள்ளே நுழைந்ததும் கருவி கத்தியது. தோட்டத்துப் பெண்கள் பலரைப் போல அம்மாவும் தாலிச் சங்கிலியில் ஊக்குகளை மாட்டி வைத்திருப்பார். என் பள்ளிச் சட்டையில் பொத்தான் அறுந்தால் அங்கிருந்துதான் ஒன்று வரும். அன்று ஏழெட்டு இருந்திருக்கும். அதிகாரிப் பெண் கழுத்தைக் காட்டி, "பூக்கா! பூக்கா!" என்றாள். கழற்று என்று அர்த்தம். அம்மா தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"அது வெறும் ஊக்கு!" என்று நான் மலாயில் கத்தினேன். யாரும் திரும்பவில்லை.

இடுப்பளவு உயரமே இருந்த ஒரு தடுப்புக்குப் பின்னால் அம்மாவைக் கொண்டுபோய், சங்கிலியைத் தலைவழியே கழற்றி வாங்கினார்கள். பிறகு ரவிக்கைக் கொக்கிகளை அவிழ்த்துத் தடவிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஆண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் குனியவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்த அம்மா என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "அப்பாகிட்ட சொல்லிடாத. அவரு கட்டுனத கழட்டிட்டு, நானே எங் கையால மாட்டிக்கிட்டேன். அவருக்கு எதாச்சும் ஒண்ணு ஆனா என்னா பண்றது?"

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் விமான நிலைய அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினேன். பெண்களைச் சோதிக்க மூடிய அறை வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்லக் கூடாது. என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் முதலில் சொல்ல வேண்டும். தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணியிடம் காட்டினேன். ஒரு பிழைகூட அவரால் சொல்ல முடியவில்லை.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயங்களுக்கு, லயம் லயமாகக் கையெழுத்து வாங்கப் போனேன்.

"ஏய் டீச்சரு, பீடோங் பஸ்ஸே எனக்குத் தலைய சுத்துது. ஏரோப்ளேன் மனு எனக்கெதுக்குடி?" என்றார் மேட்டு லயத்து அக்கா.

"ஒரு நாளைக்கு ஏறுவீங்கக்கா."

"ஏறுனா ஊக்க எல்லாம் ஒங்கிட்ட குடுத்துட்டுத்தான் போவணும்லா!" என்று சிரித்தபடியே கைநாட்டு வைத்தார். பக்கத்து வீட்டு வேதக்கார அக்கா, சிலுவை பதித்த தன் தாலியை இழுத்துக் காட்டினார். "இதையுந்தான கழட்டுவாளுங்க? எம் பேரையும் போடு."

ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலில் கூடியவர்களுக்கு மனுவைத் தமிழில் சொன்னேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். ஒருவர் கேட்டார்: "யாருக்கும்மா இப்படி நடந்துச்சு?"

யாரோ ஒரு பெண்ணுக்கு என்று சொல்லியிருக்கலாம். திடலே மூச்சுவிடாமல் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. "எங்க அம்மாவுக்கு" என்றேன்.

கூட்டத்தின் பின்னால் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "அவுத்தவ அங்க ஒருத்தி. ஊருக்கே காட்டுனவ நீ."

அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அப்பா அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போய், சங்கிலியைச் சாமி காலடியில் வைத்து எடுத்துத் தன் கையால் மறுபடி போட்டுவிட்டார். இதையும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் மனுவை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றேன். "கிழிச்சிடவாம்மா?"

"மொதல்ல படி. என்னாதான் எழுதியிருக்கன்னு நானும் கேக்கறேன்."

படித்தேன். 'அந்தத் தாய் கதறி அழுதார்' என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"நான் எப்ப அழுதேன்?"

எழுதும்போது அந்த வரி நன்றாக இருந்தது.

"எந் தாலிய ஒரு தட்டுல போட்டாங்க. அதே தட்டுல எவனோ கால்ல போட்ட சப்பாத்து கெடந்துச்சு. ரெண்டும் ஒண்ணா உருண்டு போவுது. அத எழுதுனியா?"

"எனக்குத் தெரியாதும்மா. நின்ன எடத்துலேர்ந்து தெரியல."

"தெரியலன்னா கேக்கணும்."

புதுத் தாளில் அவர் சொல்லச் சொல்ல மறுபடி எழுதினேன். அழுகையை எடுத்துவிட்டேன். கடைசியில் அம்மா கட்டைவிரலை மையில் அழுத்தி, கையெழுத்துத் தாளில் எல்லாருக்கும் மேலே வைத்தார்.

பல மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. விதிமுறைப்படியே சோதனை நடந்தது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இரண்டே வரிகள். மறு ஆண்டு விமானத்தில் ஊருக்குப் போய் வந்த, பக்கத்துப் புக்கிட் செலம்பாவ் தோட்டத்து அத்தை ஒருவர், இப்போது அங்கே தரைவரை திரை தொங்குகிறது என்றார். எங்கள் மனுவால்தானா என்று எனக்குத் தெரியாது. இருந்தும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவர் கழுத்துச் சங்கிலியில் இப்போது ஓர் ஊக்குகூட இல்லை.

"தட்டு?" என்று அத்தையிடம் கேட்டார் அம்மா. "அதே தட்டுத்தானா?"

அத்தை அதைக் கவனிக்கவில்லையாம்.