பம்பரம் படுத்த கட்டில்

பம்பரம் என்ற பெயரை முதலில் கேட்டது என் தம்பி வாயில்தான். "அக்கா, நான் கட்டிக்கப் போறவ ஒரு இடத்துல நிக்க மாட்டா. ஆஸ்பத்திரியில எல்லாரும் பம்பரம்னுதான் கூப்பிடுறாங்க" என்றான். உண்மைதான். என்னைப் பார்க்க முதல் தடவை வந்தவள், பேச்சு முடிவதற்குள் ஜன்னல் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டாள்.

அவசரப் பிரிவில் தள்ளுவண்டி தள்ளுவது அவள் வேலை. இருதயத்தைப் பார்க்கும் ஸ்கேன் மெஷினைக் கட்டில் கட்டிலாக உருட்டிப் போவதும் அவளே. நெஞ்சில் பசை தடவும்போது மிரள்கிறவர்களிடம், "ஜில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்பாள்.

தலை நரைத்த பிறகு ஒருநாள், காலி வண்டியோடு சரிவுப் பாதையில் ஏறியவளுக்குக் கண் இருட்டியது. கண் விழித்தபோது, இத்தனை வருஷம் மற்றவர்களை ஏற்றிவிட்ட அதே கட்டிலில் கிடந்தாள்.

"எப்படிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டாள் பெண் டாக்டர்.

"சும்மா நின்னுக்கிட்டிருந்தேன் டாக்டர். காலையில சாப்பிடல."

பச்சைப் பொய். பாரம் தள்ளி மேடேறும்போது மட்டும் வரும் மயக்கம் அது. முன்பும் இரண்டு தடவை வந்து போயிருந்தது. உள்ளதைச் சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். வண்டி போனால் மூலையில் உட்கார வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குக் கால் பரபரத்தது.

"எதுக்கும் இருதயத்தை ஒரு பார்வை பாத்துடலாம். மெஷின் எங்க?"

"கீழ் வார்டுல இருக்கு" என்றாள் தலைமை நர்ஸ்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். நர்ஸ் கீழ் வார்டுக்குப் போன் போடப் போனாள். இருவரும் திரும்பிப் பார்த்தால் கட்டில் காலி. மெஷின் என்ற சொல் காதில் விழுந்ததுமே பம்பரத்தின் கால் தரையில் இறங்கிவிட்டது. செருப்புகூட இல்லை. கீழே போய் மெஷினைப் பிடித்து, சரிவில் மூச்சிரைக்கத் தள்ளி, வாசல்வரை கொண்டுவந்துவிட்டாள். அங்கே கைப்பிடியை விடாமலே சரிந்தாள்.

"உனக்கு எடுக்கற ஸ்கேனுக்கு நீயே மெஷின் தள்ளுவியா? இப்படி ஒரு நோயாளிய நான் கண்டதே இல்லடி!" நர்ஸ் திட்டினாள், கண் கலங்கியிருந்தது.

பசை ஜில்லென்றது. அவ்வளவுதான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"ரத்தம் வெளிய போற கதவு இது. இறுகிப் போய்க் கொஞ்சம்தான் திறக்குது. பாரம் தள்ளும்போது தலைக்கு ரத்தம் பத்தல. நின்னுக்கிட்டிருந்தேன்னு சொன்னீங்களே?"

"மேட்டுலதான் டாக்டர். இது முதல் தடவையும் இல்ல. சொன்னா வண்டிய வாங்கிடுவீங்கன்னு..."

"வாங்கத்தான் போறேன். உசுரு வேணுமில்ல?"

அடித்துப் பிடித்து ஓடிவந்த என் தம்பி, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றான்.

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

இருதய டாக்டர்களும் பார்த்து அதையே சொன்னார்கள். நெஞ்சைத் திறந்து புதுக் கதவு வைத்தார்கள்.

இப்போது அவள் அதே ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் அறையில் இருக்கிறாள். நாற்காலி போட்டிருக்கிறார்கள், நின்றுகொண்டுதான் மடிக்கிறாள்.