மரத்துக்குள் இறங்கிய எழுத்து

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்து, இந்நினைவு மலரைக் கையில் பெற்றிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

"கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது." சென்ற ஆண்டு அப்பாவின் உடல் நடுவீட்டில் கிடந்தபோது உங்களில் பலர் இதைச் சொன்னீர்கள். ஆறுதல் என்று எண்ணிச் சொன்னீர்கள். அதை நான் மறுக்கிறேன். மறுப்பதற்காகவே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். மீசை அரும்பாத வயதிலேயே ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்குத் தோட்டத்தின் பெயரை எழுதினார். எழுத்து வெட்டிய தகரத்தை வைத்து மை பூசச் சொன்னார்கள். தகரத்தை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே எழுதினார். கணக்கப்பிள்ளை ஏசினார். தோட்டத்துத் துரை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியே அனுப்பச் சொன்னார். பின்னர் மாத்தளை நகருக்கு வந்து கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். மழைக்கு நிற்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வோர் எழுத்தையும் முதலில் உளியால் கீறி, அந்தக் கீறலுக்குள் மை இறக்குவது அவர் வழக்கம்.

அவரை அறிந்து பாராட்டியவர் உங்களில் ஒருவரல்லர். கடைத்தெருவில் பல் கட்டும் சீன வைத்தியர். அவர் தம் கடைப் பலகைக்காகத் தாளில் எழுதிக் கொடுத்த சீன எழுத்துகளை அப்பா அடுக்களைத் தரையில் கரியால் எழுதிப் பழகி, பலகையில் ஏற்றினார். வைத்தியர் வெகுநேரம் பார்த்தார்.

"இரும்புக் கோடு, வெள்ளிக் கொக்கி," என்றார்.

"அது திட்டா, பாராட்டாங்க ஐயா?"

"பாராட்டு. கோடு இரும்பு மாதிரி, வளைவு வெள்ளி மாதிரி. எங்க ஊர்ல ரொம்ப நல்ல கையெழுத்துக்குத்தான் சொல்றது. இன்னொண்ணு இருக்கு, பறக்கிற பாம்பு."

வீட்டில் அதைக் கேட்ட அம்மா, "வெளக்கு வச்ச நேரத்துல பாம்பு பேச்சு எதுக்குங்க," என்றார்.

வைத்தியர் மூன்றாவதாக ஒன்றும் சொல்லியிருந்தார். சீனத்தில் ஒருவர் எழுதிய பலகையைத் தச்சன் சீவச் சீவ, மை உள்ளே இறங்கியிருந்ததாம். அதிலிருந்து, சிறந்த எழுத்தை 'மரத்துக்குள் போன எழுத்து' என்பார்களாம்.

பெரியப்பா சிரித்தார். "பல்லு புடுங்கிற சீனாக்காரன் சொன்னா, இவன் பெரிய வித்துவானாக்கும்."

சிங்களம் மட்டுமே என்று கூவிய கூட்டத்தார் தமிழ்ப் பலகைகளில் தார் பூசிய நாட்கள் வந்தன. பெரியப்பா தம் பெயர் தாங்கிய துணிக்கடைப் பலகையில் அப்பா எழுதியிருந்த தமிழை அகற்ற முனைந்தார். அச்சத்தை நான் பழிக்கவில்லை. அப்பா கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைப் பழிக்கிறேன்.

"அண்ணே, மேல சிங்களத்துல எழுதிர்றேன். தமிழ் கீழ இருக்கட்டும்."

"ஒன் கை பட்டது போதும்டா. ஒன் தலையெழுத்து என் கடைக்கும் ஒட்டிக்கிரும்."

சிங்களத் தச்சர் இழைப்புளியுடன் வந்தார். பலாப் பலகை சுருள் சுருளாகக் கழிந்தது. எழுத்து கழியவில்லை. "மொதலாளி, இது போகாது. இன்னும் சீவினா பலகைதான் முடியும்," என்றார் அவர். தமிழ்ப் பக்கம் கடைக்குள் பார்க்கும்படி பலகையைப் புரட்டி, மறுபக்கத்தில் வேறொருவரைக் கொண்டு எழுதுவித்தார்கள்.

அந்தத் 'தலையெழுத்து'ப் பேச்சு அத்துடன் நிற்கவில்லை. கடை கடையாகப் பரவியது. நீங்கள் பரப்பினீர்கள். அப்பாவின் கை எழுதினால் வியாபாரம் படுக்கும் என்றார்கள். அவரைக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. நாவுலவுக்குப் போய் லொறிகளுக்கு இலக்கம் எழுதி எங்களைப் படிக்க வைத்தார். தலைவிதி அவரைக் கெடுக்கவில்லை. ஒரு பழமொழியும் அதைச் சொன்ன வாய்களுமே கெடுத்தன.

கடைசி நாட்களில் அவருடைய வலக்கை வாதத்தில் விழுந்துவிட்டது. இடக்கை விரலால் போர்வையில் எதையோ கீறிக்கொண்டிருந்தார். அம்மா கேட்டார். "சீனத்து எழுத்து, புள்ள. மறந்திருச்சான்னு பார்க்கிறேன்," என்றார் அப்பா. மறக்கவில்லை.

நன்றி கூற வேண்டியவர்கள் சிலரே. அப்பாவைப் படுக்கையில் வந்து பார்த்து, தம் மொழியில் ஏதோ சொல்லிக் கைகூப்பிய சீன வைத்தியருக்கு நன்றி. கூலி குறைந்தாலும் உண்மையைச் சொன்ன தச்சருக்கு நன்றி.

சென்ற வாரம் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். "பாப்பா, நன்றி சொல்ற எடத்துல எம் பேரையும் போட்டுரு. நாலு பேரு பார்ப்பாங்க," என்றார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவர் கடைக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் கண்ணில் இன்றும் படுகிறது, அப்பாவின் எழுத்தில். ஆயினும் அவருக்கும் நன்றி. அவர் சீவச் சொல்லியிராவிட்டால், அந்த எழுத்தின் ஆழம் நமக்குத் தெரிந்திராது.

— மகள்